பகலில் கோபம், ராத்திரியில் பயம்: இதில் எது என் முடிவு?

கேள்வி கேட்டவர் நடுவயதுப் பெண். அவர் எழுதியதன் சுருக்கம்: "அப்பா தவறிய பிறகு ஊரில் உள்ள வீடும் நிலமும் அண்ணன் கையில் இருக்கின்றன. ஆவணி பிறந்ததும், என் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடு என்கிறார். பகலில் நினைத்தால் கோபம் பொங்குகிறது, கேஸ் போட்டே தீருவது என்று உறுதியாகத் தோன்றுகிறது. ராத்திரி படுத்தால் பயம் வந்துவிடுகிறது. மகளுக்குக் கல்யாணம் பேச வேண்டும், தாய்மாமன் இல்லாமல் எப்படி நடத்துவது, கையெழுத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. இதில் எது என் உண்மையான முடிவு?"

பகலில் அப்படி நினைப்பதும் நீங்கள்தான், ராத்திரி இப்படி நினைப்பதும் நீங்கள்தான். ஆனால் இரண்டுமே இன்னும் முடிவு ஆகவில்லை. ஒரே விவரத்தை வைத்து இரண்டு தடவை கணக்குப் போட்டிருக்கிறீர்கள். ஒரு தடவை கோபம் போட்ட கணக்கு, மறு தடவை பயம் போட்ட கணக்கு. விடை வேறாக வந்ததில் ஆச்சரியமே இல்லை.

நீண்ட காலமாகக் குடும்பச் சொத்துச் சமரசப் பேச்சுகளில் உட்கார்ந்து வருகிறேன். அதனால் உங்கள் நிலைமை எனக்குப் பழக்கமானது. இதில் "உணர்ச்சிவசப்படாமல் யோசி" என்று சொல்லும் அறிவுரை உதவாது. உணர்ச்சி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஓரமாக வைக்கச் சொல்கிறது அது. பயமும் கோபமும் ஒரே மூட்டை அல்ல. நம்மை நேர் எதிரான திசைகளில் இழுப்பவை.

இதை அமெரிக்காவில் ஜெனிஃபர் லெர்னர், டாக்கர் கெல்ட்னர் என்ற இரு உளவியலாளர்கள் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தெளிவாகக் காட்டினார்கள். பயமும் கோபமும் இரண்டுமே மனதுக்குக் கசப்பானவை, ஆகவே இரண்டும் உலகத்தை இருட்டாகத்தான் காட்டும் என்று அதுவரை பலர் எண்ணியிருந்தார்கள். இவர்கள் சோதித்துப் பார்த்தபோது அப்படி இல்லை. பயந்தவர்கள் ஆபத்தைக் கூட்டி மதிப்பிட்டார்கள், பத்திரமான வழியையே தேர்ந்தெடுத்தார்கள். கோபக்காரர்களோ ஆபத்தைக் குறைத்து மதிப்பிட்டார்கள், துணிந்து இறங்கும் வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். எதிர்காலத்தைப் பற்றிய நம்பிக்கையில் கோபக்காரர்கள் சந்தோஷமாக இருப்பவர்களைப் போலவே இருந்தார்கள் என்பதுதான் இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்த விஷயம்.

காரணம் இரண்டு கேள்விகளில் அடங்கியிருக்கிறது. இங்கே என்ன நடக்கிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியுமா? நிலைமை என் கையில் இருக்கிறதா? பயப்படும் மனம் இரண்டுக்கும் இல்லை என்கிறது. கோபப்படும் மனம் இரண்டுக்கும் ஆமாம் என்கிறது. கூடவே ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறது: இதற்குக் காரணம் இன்னார்தான் என்று ஓர் ஆளைக் கைகாட்டிவிடுகிறது. குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது, என்ன செய்ய வேண்டும் என்றும் தெரிந்துவிட்டது, அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது?

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு லெர்னர் தம் குழுவோடு அமெரிக்கா முழுவதும் 973 பேரிடம் இதைப் பார்த்தார். ஒரே நிகழ்ச்சிதான். சிலருக்கு அதன் பயத்தை நினைவூட்டினார்கள், சிலருக்குக் கோபத்தை. பயம் கிளறப்பட்டவர்கள் இன்னொரு தாக்குதலுக்கான வாய்ப்பை அதிகமாகச் சொன்னார்கள், கோபம் கிளறப்பட்டவர்கள் குறைவாகச் சொன்னார்கள். சளிக்காய்ச்சல் வருமா என்பது போன்ற, தாக்குதலோடு சம்பந்தமே இல்லாத விஷயங்களில்கூட இந்தச் சாய்வு தெரிந்தது. அதாவது ஒரு விஷயத்தில் கிளம்பிய கோபம் அந்த விஷயத்தோடு நிற்பதில்லை. அலுவலகத்தில் ஏறிய கோபத்தோடு வீட்டுக்கு வந்து சொத்துக் காகிதத்தை எடுத்தால், அந்தக் கோபமும் கூடவே உட்கார்ந்து கணக்குப் போடும்.

பயத்தின் கணக்கும் உயிரை வாங்கக்கூடியதுதான். அதே தாக்குதலுக்குப் பிறகு விமானத்தில் ஏறப் பயந்து நிறைய அமெரிக்கர்கள் காரில் நெடுந்தூரம் போனார்கள். விமானத்தைவிடச் சாலைதான் ஆபத்தானது. அடுத்த ஓராண்டில் இதனால் கூடுதலாகச் சாலையில் இறந்தவர்கள் சுமார் 1,500 பேர் என்று ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகரென்சர் கணக்கிட்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிறோம். அரண்டவன் பேய்க்குப் பயந்து ஓடிக் கிணற்றில் விழுவதையும் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் கடினமான முடிவுகளில் பயத்தைவிடக் கோபத்தைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன். பயந்தவருக்குத் தான் பயந்திருப்பது தெரியும். கை நடுங்கும், தூக்கம் வராது, பக்கத்து வீட்டுக்காரரிடமாவது ஒரு வார்த்தை கேட்போமே என்று தோன்றும். கோபக்காரருக்கோ தான் தெளிவாக இருப்பதாகத் தோன்றும். உங்கள் கேள்வியிலேயே அது இருக்கிறது: பகலில் "உறுதியாகத் தோன்றுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உறுதி எங்கிருந்து வந்தது? நேற்றைக்கு இல்லாத ஏதாவது ஒரு காகிதம் இன்று கைக்கு வந்ததா, வக்கீல் யாராவது சொன்னாரா? எதுவுமே வராமல் உறுதி மட்டும் கூடியிருந்தால் அதைக் கொடுத்தது கோபம்தான்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் 1962 அக்டோபரில் நடந்த கியூபா ஏவுகணை நெருக்கடி. குடும்பச் சொத்துக்கும் அணு ஆயுதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பதின்மூன்று நாட்களில் பயமும் கோபமும் முடிவுகளை எப்படி இழுத்தன என்பதற்கு ஒலிப்பதிவே இருக்கிறது. அமெரிக்க ஜனாதிபதி கென்னடி தம் கூட்டங்களை ரகசியமாகப் பதிவு செய்துவந்தார்.

அக்டோபர் 16, செவ்வாய்க்கிழமை காலை. கியூபாவில் சோவியத் ஏவுகணைத் தளங்கள் கட்டப்படுவதை யு-2 உளவு விமானம் படம் எடுத்துவிட்டது என்ற செய்தி கென்னடிக்கு வருகிறது. தாக்கும் ஆயுதம் எதையும் அங்கே வைக்கமாட்டோம் என்று அதற்கு முந்தைய வாரங்களில் சோவியத் தரப்பு அவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தது. ஆகவே வெறும் அதிர்ச்சி மட்டுமில்லை, ஏமாற்றப்பட்ட கோபமும் சேர்ந்துகொண்டது. அன்றைய முதல் கூட்டம் முடியும்போதே ஏவுகணைகளைத் தாக்கி அழிக்கத்தான் போகிறோம் என்று அவர் பேசுவது பதிவில் இருக்கிறது. செய்தி வந்து சில மணி நேரத்துக்குள் உறுதி வந்துவிட்டது.

அந்தக் குண்டுவீச்சு நடக்காமல் போனதற்கு ஒரு காரணம், அவர் அன்றே செய்யவில்லை என்பதுதான். விஷயத்தை வெளியே சொல்லாமல் ஆறு நாட்கள் வைத்துக்கொண்டார்கள். சோவியத்துக்குத் தெரியாது, பத்திரிகைகளுக்குத் தெரியாது. அந்த ஆறு நாட்களில் முதல் நாள் கூட்டத்தில் பெரிதாக எடுபடாத வழி ஒன்று முன்னுக்கு வந்தது: கியூபாவைச் சுற்றிக் கடலில் கப்பல்களை நிறுத்தி, புதிதாக ஆயுதம் வருவதைத் தடுப்பது. கோபத்தில் இருந்தபோது கண்ணுக்குத் தெரிந்தது அடிப்பது, விடுவது என்ற இரண்டே வழிதான். மூன்றாவது வழி தெரிய நாட்கள் தேவைப்பட்டன. சில கூட்டங்களிலிருந்து கென்னடி வேண்டுமென்றே விலகியும் இருந்தார். தான் உட்கார்ந்திருந்தால் மற்றவர்கள் தன் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள் என்பதை அதற்கு முந்தைய ஆண்டு, 1961 ஏப்ரலில், கியூபாமீது அமெரிக்கா ஏவிவிட்ட பன்றிகள் விரிகுடாப் படையெடுப்பின் தோல்வியில் அவர் கற்றிருந்தார்.

19-ஆம் தேதி ராணுவத் தலைவர்களோடு கூட்டம். விமானப்படைத் தளபதி கர்டிஸ் லெமே, கடல் தடுப்பு என்பது 1938-இல் போரைத் தவிர்க்க பிரிட்டனும் பிரான்சும் ஹிட்லருக்கு மியூனிக்கில் விட்டுக்கொடுத்ததற்குச் சமம் என்ற பொருளில் முகத்துக்கு நேராகவே பேசினார். கென்னடியின் அப்பா அந்தக் காலத்தில் பிரிட்டனில் அமெரிக்கத் தூதராக இருந்து சமரசத்தை ஆதரித்தவர். எங்கே குத்தினால் வலிக்கும் என்று பார்த்துக் குத்தியது போல இருந்தது. ஒவ்வொரு சொத்துத் தகராறிலும் ஒரு லெமே இருப்பார். மாமனாராக இருக்கலாம், சித்தப்பாவாக இருக்கலாம், உங்கள் வீட்டுக்காரராகவும் இருக்கலாம். "உனக்கு ரோஷமே இல்லையா?" என்பதுதான் அவர் பேச்சின் சாரம். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருடைய கோபத்துக்கு விலை கொடுக்கப்போவது அவர் இல்லை.

மிகக் கடினமான நாள் அக்டோபர் 27, சனிக்கிழமை. கியூபாவுக்கு மேலே பறந்த யு-2 விமானம் ஒன்றை ஏவுகணையால் சுட்டு வீழ்த்தினார்கள். அதை ஓட்டிய மேஜர் ருடால்ஃப் ஆண்டர்சன் இறந்துபோனார். விமானம் சுடப்பட்டால் சுட்ட தளத்தைத் திருப்பித் தாக்குவது என்று நான்கு நாட்களுக்கு முன்பே கென்னடியின் ஆலோசனைக் குழு பேசி வைத்திருந்தது. அறையில் கோபம் கொதித்தது. மாஸ்கோ வேண்டுமென்றே போரைத் தொடங்கிவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். கென்னடி பதிலடிக்கு உத்தரவு கொடுக்கவில்லை, பொறுத்தார்.

பிறகு தெரியவந்த உண்மை: அந்தச் சுடும் உத்தரவு மாஸ்கோவிலிருந்து வரவே இல்லை. கியூபாவில் இருந்த சோவியத் அதிகாரிகள் மேலிடத்தைக் கேட்காமல் தாங்களே எடுத்த முடிவு அது. சோவியத் தலைவர் குருஷ்சேவும் அதை விரும்பவில்லை. கோபம் முதலில் செய்யும் தவறு இதுதான்: எதிராளி செய்தது எல்லாமே வேண்டுமென்றே, திட்டம் போட்டுச் செய்தது என்று எடுத்துக்கொள்வது. உங்கள் அண்ணன் விடுதலைப் பத்திரம் கேட்டதும் திட்டமாக இருக்கலாம். கடன் நெருக்கலாக இருக்கலாம். "ஒரே பேரில் பட்டா இருந்தால்தான் வங்கியில் கடன் கிடைக்கும்" என்று யாரோ சொன்னதாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. உங்களுக்கும் இன்னும் தெரியாது என்பதுதான் முக்கியம்.

அதே சனிக்கிழமை, அட்லாண்டிக் கடலுக்கு அடியில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கிக் கப்பலை அமெரிக்கக் கப்பல்கள் சுற்றி வளைத்து, மேலே வரச் சொல்லும் சமிக்ஞையாகச் சிறு வெடிகளைப் போட்டன. உள்ளே இருந்தவர்களுக்கு அது சமிக்ஞை என்று புரியவில்லை. பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது, குளிரூட்டும் கருவி வேலை செய்யவில்லை, காற்றில் கரியமில வாயு ஏறிக்கொண்டிருந்தது, வெப்பம் சில அறைகளில் 45 டிகிரியைத் தாண்டியது. மாஸ்கோவோடு தொடர்பு இல்லை. மேலே போர் தொடங்கிவிட்டதா என்றுகூடத் தெரியாது. கப்பலில் அணுகுண்டு பொருத்திய டார்பிடோ ஒன்று இருந்தது. கப்பலின் கேப்டன் வாலண்டின் சவிட்ஸ்கி வெடித்துப்போனார், அந்த டார்பிடோவைத் தயார்படுத்தச் சொன்னார் என்று உடனிருந்த அதிகாரி ஒருவர் பிற்காலத்தில் சொன்னார். கப்பலில் இருந்த இன்னொரு மூத்த அதிகாரி வாசிலி ஆர்கிபோவ் அவரைத் தணித்தார். கப்பல் மேலே வந்தது. விவரங்கள் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறுகின்றன. ஆர்கிபோவ் நிதானமாக இருந்தார் என்பதில் மாற்றமில்லை.

ஆர்கிபோவ் ஒன்றும் பயமறியாதவர் அல்ல. அதற்கு முந்தைய ஆண்டு கே-19 என்ற நீர்மூழ்கியில் அணு உலை பழுதாகி, அதைச் சரிசெய்யப் போன மாலுமிகள் எட்டுப் பேர் கதிர்வீச்சால் சில வாரங்களுக்குள் இறந்தார்கள். அந்தக் கப்பலில் ஆர்கிபோவும் இருந்தார். எதற்குப் பயப்பட வேண்டும் என்று நன்றாகத் தெரிந்தவர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வாரம் கியூபாவில் 40,000-க்கும் மேற்பட்ட சோவியத் வீரர்கள் இருந்தார்கள். அமெரிக்கர்கள் நினைத்ததைவிட மிக அதிகம். கரையில் இறங்கும் படைமீது வீசுவதற்கென்றே குறுகிய தூர அணு ஆயுதங்களும் அங்கே இருந்தன. இது அமெரிக்கத் தரப்புக்கு உறுதியாகத் தெரியவந்தது முப்பது ஆண்டுகள் கழித்து, 1992-இல் ஹவானாவில் நடந்த மாநாட்டில். நெருக்கடியின்போது அமெரிக்கப் பாதுகாப்புச் செயலராக இருந்த மக்னமாரா அதைக் கேட்டு ஆடிப்போனார். முதல் நாள் கோபத்தின் உறுதியோடு குண்டு வீசி, பின்னாலேயே படையை இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எவ்வளவு தெரியாது என்பதே தெரியாமல் உறுதியாக இருந்திருப்பார்கள்.

26-ஆம் தேதி குருஷ்சேவ் எழுதிய நீண்ட கடிதத்தில் ஓர் உவமை உண்டு. போர் என்ற முடிச்சைப் போட்ட கயிற்றை இரண்டு பக்கமும் இழுத்தால் முடிச்சு இறுகும், கட்டியவனாலேயே அவிழ்க்க முடியாத அளவுக்கு இறுகும், அப்புறம் வெட்டத்தான் வேண்டும் என்று எழுதினார். அது பயந்த மனிதரின் கடிதம். கென்னடியும் பயந்துதான் இருந்தார். கியூபா மீது படையெடுக்கமாட்டோம் என்று வெளிப்படையாக ஒரு வாக்கு, துருக்கியில் இருந்த அமெரிக்க ஏவுகணைகளை எடுத்துவிடுகிறோம் என்று ரகசியமாக ஒரு வாக்கு, பதிலுக்கு கியூபாவிலிருந்து ஏவுகணைகள் வெளியேறும் என்று 28-ஆம் தேதி முடிந்தது. அந்த வாரம் உலகம் பிழைத்ததில் பயத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து. இருவரும் ஒருவருக்கொருவர் பயப்படவில்லை. நடக்கக்கூடிய ஒன்றுக்குப் பயந்தார்கள், அது உண்மையிலேயே பயப்பட வேண்டிய விஷயம்.

ஆகவே பயம் கோழைத்தனம், அதைத் தூக்கி எறி என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். பயம் எதைப் பற்றியது என்று மட்டும் பிரித்துப் பாருங்கள். உங்கள் ராத்திரிப் பயத்தில் இரண்டு கலந்திருக்கின்றன. அண்ணனோடு உறவு அறுந்துவிடும் என்பது உண்மையான பயம், மதிக்க வேண்டியது. சமரச அறையில் பல குடும்பங்களில் அது நடந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, இந்த அவஸ்தை எப்போது முடியும் என்ற தவிப்பு. "கையெழுத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம்" என்று பேசுவது இதுதான். இந்த இரண்டாவது பயம் ஆபத்திலிருந்து தப்பிக்க வழி தேடுவதில்லை, பயத்திலிருந்தே தப்பிக்க வழி தேடுகிறது. எதைக் கொடுத்தாவது இதை இப்போதே முடித்துவிட வேண்டும் என்று நிற்கும்.

இதை நன்றாகப் புரிந்துவைத்திருப்பவர்கள் மோசடிக்காரர்கள். "டிஜிட்டல் அரெஸ்ட்" என்ற பெயரில் நடக்கும் ஏமாற்றைப் பாருங்கள். சிபிஐ என்றோ சுங்கத்துறை என்றோ சொல்லி வீடியோ அழைப்பில் வருவார்கள். உங்கள் பேரில் போதைப்பொருள் பார்சல் வந்திருக்கிறது என்பார்கள். அழைப்பைத் துண்டிக்கக் கூடாது, வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது என்பார்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது. ஆனாலும் படித்தவர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் வாழ்நாள் சேமிப்பை அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுக்கு அறிவில்லாமல் போனதால் அல்ல. பயத்தை ஏற்றிவிட்டு, அது இறங்க ஒரே ஒரு வழியை மட்டும் திறந்துவைத்து, யோசிக்கும் நேரத்தையும் யோசனை சொல்லும் ஆட்களையும் பிடுங்கிவிடுகிறார்கள். யார் நமக்குப் பயமும் கெடுவும் சேர்த்துக் கொடுத்தாலும், முதலில் அந்தக் கெடு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும்.

சமரசப் பேச்சில் நான் கண்ட இன்னொரு விஷயம். இரு தரப்பையும் சேர்த்து உட்கார வைத்தால் கோபம் மட்டும்தான் பேசும். தனித்தனியாக அழைத்துப் பேசும்போது அடியில் இருக்கும் பயம் வெளியே வரும். பொதுச் சுவரில் ஓரடிக்காக அடிதடி வரைக்கும் போன இரண்டு சகோதரர்களில் மூத்தவர், தனியாக உட்கார்ந்தபோது சுவரைப் பற்றிப் பேசவே இல்லை. "நாளைக்கு நான் படுத்துவிட்டால் என் பிள்ளைகளை இவன் எட்டிப் பார்க்கமாட்டான் சார்" என்றார். சுவர் அதற்கு அத்தாட்சியாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. பயமாக இருப்பது அவமானம் என்று நினைக்கும் நம் ஆண்களிடம் இது மிக அதிகம். பயத்தைக் கோபமாக மாற்றிக்கொண்டால் முதுகு நிமிர்ந்துவிடுகிறது, கூடவே கணக்கும் தலைகீழாகிவிடுகிறது. பத்திரம் கேட்கும் உங்கள் அண்ணனின் குரலில் கடுமை இருந்தால், அதற்குள்ளும் இப்படி ஒரு பயம் இருக்கக்கூடும்.

அப்படியானால் உணர்ச்சியே இல்லாமல் முடிவெடுத்தால் நல்லதா? அதுவும் முடியாது. முன்மூளையின் ஒரு பகுதி சேதமடைந்து, அறிவு முழுதாக இருந்தும் உணர்ச்சி மங்கிப்போன நோயாளிகளை நரம்பியல் மருத்துவர் அன்டோனியோ டமாசியோ ஆராய்ந்தார். அவர்களில் ஒருவரிடம் அடுத்த சந்திப்புக்கு இரண்டு தேதிகள் கொடுத்தபோது, இரண்டுக்கும் சாதகபாதகம் சொல்லி அரைமணி நேரம் போல முடிவெடுக்க முடியாமல் இருந்தாராம். எது நமக்கு முக்கியம் என்று சொல்வது உணர்ச்சிதான். உங்கள் கோபமும் ஒன்றைச் சரியாகவே சொல்கிறது: மகள் என்பதால் உங்களுக்குப் பங்கு இல்லை என்று நடத்துவது நியாயம் இல்லை. இந்தக் கோபம் இல்லாத எத்தனையோ பெண்கள் அந்தக் காலத்தில் கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். கோபம் சொல்லும் செய்தியை வாங்கிக்கொள்ளுங்கள். அது போடும் கணக்கை மட்டும் சரிபாருங்கள்.

எப்படிச் சரிபார்ப்பது? நான் பலரைச் செய்யச் சொல்வது இது. ஒரு தாளில் சில கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். கேஸ் போட்டால் எத்தனை வருஷம் ஆகும், எவ்வளவு செலவாகும், ஜெயிக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு, அண்ணன் பேச்சை நிறுத்திவிட நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஐந்து வருஷம் கழித்து அதை நினைத்து வருந்த நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு. கோபமாக இருக்கும் பகலில் எண்களை நிரப்பி மடித்து வையுங்கள். பயம் வரும் ராத்திரியில் வேறு தாளில் நிரப்புங்கள். ஒரு வாரம் கழித்து, காலையில் காபி குடித்துவிட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்கள் ஒத்துப்போகும் இடத்தில் உங்களுக்கு உண்மையிலேயே ஏதோ தெரிந்திருக்கிறது. பகலில் எண்பது, ராத்திரி பத்து என்று இருக்கும் இடத்தில் உங்களுக்கு ஒன்றும் தெரியாது, போய் விசாரிக்க வேண்டும். வக்கீலிடம் என்ன கேட்க வேண்டும் என்ற பட்டியல் அப்படியே கிடைத்துவிடும்.

சில விஷயங்களுக்கு நானே பதில் சொல்லிவிடுகிறேன். இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டு பேசுகிறேன். சொத்து அப்பா சுயமாகச் சம்பாதித்ததாக இருந்து, உயில் எழுதாமல் போயிருந்தால் அம்மா, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு. பூர்வீகச் சொத்து என்றாலும் 2005 செப்டம்பர் 9 முதல் மகளுக்கு மகனைப் போலவே பிறப்புரிமை உண்டு. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டு 11-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. உயில் இருக்கிறதா, முன்பே முறையாகப் பாகப்பிரிவினை நடந்திருக்கிறதா என்பதுதான் இதில் நிலைமையை மாற்றக்கூடியது. அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

விடுதலைப் பத்திரம் பதிவாகிவிட்டால் திரும்ப வாங்குவது மிகக் கடினம். மிரட்டி வாங்கினார்கள், ஏமாற்றி வாங்கினார்கள் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும், அதற்கும் மூன்று ஆண்டு என்று கால வரம்பு உண்டு. பயத்தில் போட்டேன் என்பது மட்டும் போதாது. மறுபக்கம், பாகப்பிரிவினை வழக்கைப் போட்ட பிறகும் சமரசம் பேசலாம். நீதிமன்றமே சமரச மையத்துக்கு அனுப்ப உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் வக்கீல் நோட்டீஸ் தபாலில் வந்து அண்ணி அதைப் பிரித்துப் படிக்கும் அந்தப் பகல் வேளையை யாராலும் திரும்பப் பெற முடியாது. சட்டப்படி திரும்பப் பெற முடியாதது ஒன்று, உறவில் திரும்பப் பெற முடியாதது இன்னொன்று. உங்கள் பயம் முதலாவதை மறைக்கிறது, உங்கள் கோபம் இரண்டாவதை மறைக்கிறது.

ஆவணி என்பது அண்ணன் வைத்த கெடு, சட்டம் வைத்த கெடு அல்ல. கென்னடி ஆறு நாட்களை எடுத்துக்கொண்டது போல நீங்கள் தை வரைக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணனிடம் வேண்டாம் என்றும் சொல்ல வேண்டாம், சரி என்றும் சொல்ல வேண்டாம். "அண்ணா, காகிதமெல்லாம் ஒரு தடவை பார்க்கிறேன், பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது உட்கார்ந்து பேசலாம். உனக்கு எதற்காக இப்போது அவசரமாகத் தேவைப்படுகிறது, அதை மட்டும் சொல்லு" என்று கேளுங்கள். போனில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம். எழுத்தில் வந்தால் அவரும் அதை ஒரு பகலில் ஒரு விதமாகவும், ஒரு ராத்திரியில் வேறு விதமாகவும் படிப்பார்.

இதற்கிடையில், சொத்தின்மேல் என்னென்ன பத்திரங்கள் பதிவாகியிருக்கின்றன என்று காட்டும் வில்லங்கச் சான்றும் பட்டா நகலும் எடுத்துப் பாருங்கள், இரண்டையும் ஆன்லைனிலேயே பார்க்கலாம். மாதம் ஒரு தடவை வில்லங்கம் பார்த்துக்கொண்டே இருங்கள். அண்ணன் வேறு யாருக்காவது கிரயம் பேசுகிறார், அடமானம் வைக்கப்போகிறார் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் தை வரை காத்திருக்க வேண்டாம். அப்போது வக்கீலைப் பார்த்து, பாகப்பிரிவினை வழக்கோடு இடைக்காலத் தடையும் சேர்த்துக் கேளுங்கள். அந்த அவசரம் கோபத்திலிருந்து வந்தது அல்ல, காகிதத்திலிருந்து வந்தது.